சுகர் இல்லாதவருக்கு எதற்கு சுகர் மாத்திரை?

கேள்வி: என் கணவருக்கு வயது 54. சிறுநீரகம் பழுதாகி, சிறுநீரில் புரதம் போகிறது என்று இரண்டு வருடமாக டெல்மிசார்டான் என்ற பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறார். சர்க்கரை நோய் கிடையாது. போன மாதம் சிறுநீரக மருத்துவர் டாபாக்ளிஃப்ளோசின் 10 மி.கி. மாத்திரையைச் சேர்த்து எழுதினார். மருந்துக் கடையில், “சாருக்கு சுகர் எத்தனை வருஷமா?” என்று கேட்டார்கள். மூன்று வாரம் கழித்து ரத்தம் பார்த்தால் 1.8 இருந்த கிரியேட்டினின் 2.0 ஆகியிருக்கிறது. சிறுநீரில் சர்க்கரை மூன்று பிளஸ்! பயந்துபோய் இரண்டு நாளாக மாத்திரையை நிறுத்தி வைத்திருக்கிறோம். செய்தது சரியா?

பதில்: இன்றே அந்த மருத்துவருக்குப் போன் செய்து, ரிசல்ட்டையும் மாத்திரையை நிறுத்தியதையும் சொல்லுங்கள். நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால், மறுபடி தொடங்கச் சொல்லவே வாய்ப்பு அதிகம். உங்களைப் பயமுறுத்திய இரண்டு எண்களும் மாத்திரை வேலை செய்வதால் வருபவை. இந்த மாத்திரையை நிறுத்தவேண்டிய நாட்கள் உண்டு. ஆனால் அவை வேறு.

டாபாக்ளிஃப்ளோசின் சர்க்கரை நோய்க்காக வந்த மருந்துதான். சிறுநீரகம் வடிகட்டிய சர்க்கரையை உடம்பு திரும்ப எடுத்துக்கொள்ளும் வழியை அது அடைக்கிறது. ஆகவே இதைச் சாப்பிடும் எவருக்கும் சிறுநீரில் சர்க்கரை காட்டும். கழிவறையில் எறும்பு மொய்த்தால்கூட, ‘சுகர் வந்துவிட்டது’ என்று முடிவு கட்டாதீர்கள். சந்தேகம் தீர, ரத்தச் சர்க்கரையைப் பார்த்தால் போதும். சர்க்கரை நோய் இல்லாதவருக்கு இந்த ஒரு மாத்திரையால் ரத்தச் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்குவது மிக அரிது.

சிறுநீரகம் வெளியேற்றவேண்டிய கழிவான கிரியேட்டினின் ரத்தத்தில் ஏன் ஏறியது? பழுதான சிறுநீரகத்தில், மிச்சமிருக்கும் வடிகட்டிகள் அதிக அழுத்தத்தில் உழைக்கின்றன. வாய்க்கால் மடையைக் கொஞ்சம் இறக்கிவைப்பது போல, உள்ளே வரும் ரத்தக்குழாயை இந்த மருந்து சற்றுச் சுருக்கி அந்த அழுத்தத்தைக் குறைக்கிறது. முதல் சில வாரங்களில் வடிகட்டும் அளவு சிறிது இறங்கும். அதுதான் ரிசல்ட்டில் கிரியேட்டினின் ஏற்றமாகத் தெரிகிறது. உங்கள் கணவரின் வயதுக்கு 1.8 என்றால் ஈ.ஜி.எஃப்.ஆர் (சிறுநீரகம் வடிகட்டும் திறனைக் காட்டும் எண்) சுமார் 44, 2.0 என்றால் சுமார் 39. குறைவு ஏறத்தாழ 12 சதவீதம். 30 சதவீதம் வரை இறங்கினால் பொதுவாக மருந்தை நிறுத்துவதில்லை. கிரியேட்டினின் 2.4-ஐத் தாண்டியிருந்தால் கதை வேறு. உடம்பில் நீர் வற்றியிருக்கிறதா, வலி மாத்திரை ஏதும் சாப்பிட்டாரா என்று உடனே துருவ வேண்டியிருக்கும்.

இந்த மருந்தைச் சிறுநீரக நோயாளிகளிடம் சோதித்து 2020-இல் வெளியான டாபா-சி.கே.டி ஆய்வில் 4,304 பேர் பங்கேற்றார்கள். மூவரில் ஒருவருக்குச் சர்க்கரை நோய் இல்லை. சராசரியாக இரண்டரை வருடத்துக்குச் சற்றுக் குறைவான காலத்தில், சிறுநீரகத் திறன் பாதியாகச் சரிவது, டயாலிசிஸ் கட்டத்தை எட்டுவது, சிறுநீரக அல்லது இதயக் காரணத்தால் இறப்பது ஆகிய மூன்றில் ஒன்று, வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களில் 14.5 சதவீதம் பேருக்கு நேர்ந்தது. மருந்து சாப்பிட்டவர்களில் 9.2 சதவீதம். சர்க்கரை இல்லாதவர்களுக்கும் பலன் கிடைத்தது. மருந்துக் கடைக்காரர் கேட்டதில் தப்பில்லை, அட்டையில் இதையெல்லாம் எழுதியிருக்காதே.

ஆனால் கடையில் நீங்கள் கவனிக்கவேண்டியது ஒன்று உண்டு. 2020-இல் காப்புரிமை முடிந்தபின் நம் நாட்டில் இந்த மருந்து ஏராளமான பெயர்களில் வருகிறது. அதே பெயருக்குப் பின்னால் ஓர் எழுத்து சேர்ந்தால், உள்ளே மெட்ஃபார்மின் போன்ற இன்னொரு சர்க்கரை மருந்தும் கலந்திருக்கலாம். “அது ஸ்டாக் இல்லை, இதுவும் அதேதான்” என்று கொடுத்தால் வாங்காதீர்கள். அட்டையின் பின்புறம் டாபாக்ளிஃப்ளோசின் 10 மி.கி. என்று மட்டுமே இருக்கவேண்டும்.

இனி நிறுத்தவேண்டிய நாட்கள். வாந்தி, பேதி, சாப்பாடு இறங்காத காய்ச்சல் வந்தால் மாத்திரையை அன்றே நிறுத்திவிட்டு மருத்துவரைக் கூப்பிடுங்கள். டெல்மிசார்டானையும் சேர்த்து நிறுத்தவேண்டுமா என்று அப்போதே கேட்டுவிடுங்கள். பழையபடி சாப்பிட்டு, தண்ணீர் குடிக்கத் தொடங்கி ஓரிரு நாள் ஆனபின் மறுபடி ஆரம்பிக்கலாம். பட்டினி விரதம், நோன்பு என்றால் முன்கூட்டியே கேளுங்கள். அறுவை சிகிச்சை என்றால் குறைந்தது மூன்று நாள் முன்பே நிறுத்தவேண்டும். பட்டினி கிடந்து குடலைச் சுத்தம் செய்யும் கொலனோஸ்கோபிக்கும் முன்பே சொல்லி வைக்கவேண்டும். காரணம், நீர் வற்றுவது மட்டுமல்ல. பட்டினியில் உடம்பு கொழுப்பை எரிப்பதால் உண்டாகும் கீட்டோன் அமிலம் ரத்தத்தில் கூடலாம். சர்க்கரை நோயாளிகளுக்குத்தான் இந்த அபாயம் அதிகம், மற்றவர்களுக்கு மிக அரிது. ஆனாலும் குமட்டல், வயிற்றுவலி, வேகமூச்சு என்று அவசரச் சிகிச்சைக்குப் போக நேர்ந்தால், இந்த மாத்திரையின் பெயரைச் சொல்லுங்கள். ரத்தச் சர்க்கரை சரியாக இருக்கிறதே என்று அங்கே கீட்டோன் அமிலத்தை நினைக்காமல் விட்டுவிடக்கூடும்.

வெட்கப்பட்டு யாரும் கேட்காத ஒரு விஷயம், பிறப்புறுப்பில் அரிப்பு. சிறுநீரில் சர்க்கரை போவதால் அங்கே பூஞ்சை பிடிக்கும். சிறுநீர் கழித்தபின் தண்ணீரால் கழுவி ஈரமில்லாமல் துடைத்துக்கொண்டால் பெரும்பாலும் வராது. வந்தாலும் களிம்பில் அடங்கும்; மாத்திரையைக் கைவிடத் தேவையில்லை. அந்த இடத்திலோ ஆசனவாய்ப் பக்கமோ கடும் வலி, வீக்கம், காய்ச்சல் என்றால் மட்டும் அன்றைக்கே மருத்துவமனை போகவேண்டும்.

காலையில் ஒரு மாத்திரை, சாப்பாட்டுக்கு முன்னோ பின்னோ எப்படியும் போடலாம். மறந்தால் அன்றைக்குள் போடலாம். மறுநாள் இரண்டாகப் போடக்கூடாது. சிறுநீர் கொஞ்சம் கூடுதலாகப் போவதால் எழும்போது தலைசுற்றினால் பிரஷர் பார்த்துவிட்டு மருத்துவரிடம் சொல்லுங்கள். டெல்மிசார்டானின் அளவைக் குறைக்க வேண்டியிருக்கலாம்.

உண்மையில் எனக்குக் கவலை தருவது இந்த மாத்திரையைவிட, உடம்பு வலிக்கு கடையில் கேட்டு வாங்கும் ‘ஒரு செட் மாத்திரை’தான். அதில் டைக்ளோஃபினாக்கோ அசிக்ளோஃபினாக்கோ இருந்தால், டெல்மிசார்டானோடு சேர்ந்து, அதுவும் வெயிலில் நீர் வற்றிய நாளில், சிறுநீரகத்தைத் திடீரென்று படுக்கவைத்துவிடும். வலிக்கும் காய்ச்சலுக்கும் பாராசிட்டமால் மட்டும், அதுவும் அளவு கேட்டுக்கொண்டு.

அடுத்த முறை கிரியேட்டினின், பொட்டாசியத்தோடு சிறுநீர் ஆல்புமின்-கிரியேட்டினின் விகிதத்தையும் எழுதித்தரச் சொல்லி, மருந்து தொடங்குவதற்கு முன்பு எடுத்த அறிக்கையையும் கையில் கொண்டுபோங்கள். புரத ஒழுக்கு குறைந்திருக்கிறதா என்று இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க முடியும்.