நிலாவைப் படம்பிடிக்க: கடற்கரை வாசகர்களின் கேள்விகள்

தேவிபட்டினம் வாசகர்: பௌர்ணமி நிலா என் கேமராவில் வெறும் வெள்ளைத் தட்டாக விழுகிறதே?

சுற்றியுள்ள இருட்டைப் பார்த்து கேமரா தானாகவே ஒளியைக் கூட்டிக்கொள்கிறது. நிலாவோ வெயிலில் காயும் பாறை. நமக்கு ராத்திரி, அங்கே பட்டப்பகல். அளவுகளை நாமே வைக்கும் மேனுவல் முறைக்கு மாற்றி, ஐஎஸ்ஓ (ஒளியை உணரும் திறன்) 100, லென்ஸ் துளை எஃப்/8, ஷட்டர் வேகம் 1/200 விநாடி என்று தொடங்குங்கள். அரை நிலாவுக்கு 1/50 விநாடி வரை இறங்கலாம். கடலைவிட்டு எழும்பும் சிவந்த நிலாவுக்கு இன்னும் குறைவான வேகம் வேண்டும். அடிவானத்து ஈரக்காற்று அவ்வளவு ஒளியைத் தின்றுவிடும். குழிகள் தெரியவேண்டுமானால் பௌர்ணமியையே விட்டுவிடுங்கள். அன்று வெயில் நேராக விழுவதால் நிழல் இருக்காது. வளர்பிறை அஷ்டமியை ஒட்டி, வெளிச்சமும் இருளும் சந்திக்கிற கோட்டில்தான் குழிகள் எடுப்பாகத் தெரியும்.

மண்டபம் வாசகர்: 18–55 மி.மீ. லென்ஸ் போதுமா?

நிலா மட்டும் வேண்டுமென்றால் போதாது. சென்சாரில் (கேமராவுக்குள் படம் பதியும் தகட்டில்) விழும் நிலாவின் அகலம், லென்ஸின் மி.மீ. எண்ணான ஃபோகல் தூரத்தில் ஏறக்குறைய 110-ல் ஒரு பங்கு. 55 மி.மீ. லென்ஸில் அரை மில்லிமீட்டர், 300 மி.மீ. லென்ஸில் 2.7 மில்லிமீட்டர்.

தொண்டி வாசகர்: டிரைபாடில் வைத்தும் படம் கலங்குகிறது.

பட்டனை அழுத்தும் விரலே முதல் எதிரி. 2 விநாடி டைமர் வையுங்கள். லென்ஸில் கை நடுக்கத்தைச் சரிசெய்யும் ஸ்டெபிலைசரை அணையுங்கள். ஃபோகஸ் வளையத்தில் உள்ள முடிவிலிக் குறியை நம்பாமல், லைவ் வியூவில் (கேமராவின் பின்திரையில்) 10 மடங்கு பெரிதாக்கி நிலாவின் விளிம்பு கூர்மையாகும்வரை கையால் திருப்புங்கள். கச்சான் காற்று (மேற்கிலிருந்து வரும் காற்று) வீசும் மாதங்களில் டிரைபாடின் நடுத்தண்டை உயர்த்தவே வேண்டாம். டிரைபாட் அசையாமலிருக்க அதில் பையைத் தொங்கவிட்டால், பையின் அடி மணலில் படட்டும். அந்தரத்தில் ஆடும் பை டிரைபாடையும் ஆட்டும்.

கீழக்கரை வாசகர்: பெரிய நிலாவுக்கு முன்னால் வள்ளத்தில் ஆள் நிற்பதுபோல எடுக்க ஆசை.

நல்ல ஆசை, கணக்கும் எளிது. பொருளின் உயரத்தைப்போல 110 மடங்கு தள்ளி நின்றால் அது நிலாவின் அளவுக்குத் தெரியும். 1.7 மீட்டர் ஆளுக்கு சுமார் 190 மீட்டர். கிட்டே போனால் ஆள் பெரிதாவார், நிலா அப்படியே இருக்கும். 400 மி.மீ.க்குக் குறையாத லென்ஸ் வையுங்கள். உங்கள் கடல் தெற்கே பார்த்தது என்பதை மறக்கவேண்டாம்: ஆனிப் பௌர்ணமி தென்கிழக்காக, கடல்மேல் எழும், மார்கழியில் வடகிழக்கே ஒதுங்கிவிடும். பௌர்ணமிக்கு முந்தைய நாளே சிறந்தது. பொழுது சாயுமுன் நிலா வந்துவிடுவதால் வள்ளத்தின் மேலும் வெளிச்சம் இருக்கும். மறுநாள் ஏறக்குறைய 50 நிமிடம் பிந்தும், அதற்குள் முன்புறம் கறுத்துவிடும்.

ராமேஸ்வரம் வாசகர்: லென்ஸில் பனி படர்கிறது, உப்பும் பிடிக்கிறது.

ஏசி அறையிலிருந்து எடுத்த கேமராவைப் பையைத் திறக்காமல் அரைமணி நேரம் வெளியே வையுங்கள், பனி படராது. உப்பை உலர்துணியால் தேய்த்தால் கீறல் விழும். புளோயரால் (காற்றூதும் ரப்பர் குமிழால்) ஊதி, டிஸ்டில்டு வாட்டரில் லேசாக நனைத்த துணியால் ஒற்றுங்கள். டிரைபாட் கால்களை அன்றைக்கே நல்ல தண்ணீரில் கழுவிக் காயவையுங்கள்.