கேள்வி பதில்: 25 படங்களும் ஒரு கல்லறையும்

ஜேம்ஸ் பாண்ட் வரிசையின் 25 படங்களையும், 1962-இன் 'டாக்டர் நோ' தொடங்கி 2021-இன் 'நோ டைம் டு டை' வரை, வெளிவந்த வரிசையிலேயே மறுபடி பார்த்து முடித்ததாகப் போன இதழில் ஒரு வரி எழுதியிருந்தேன். அந்த ஒரு வரிக்கு வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன். படங்களின் முடிவையும் சொல்ல வேண்டியிருக்கிறது. பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வந்து படியுங்கள்.

கேள்வி: சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள் சார். முதலிடம் எதற்கு?

'ஆன் ஹெர் மெஜஸ்டீஸ் சீக்ரெட் சர்வீஸ்', 1969. ஒரே படத்தோடு விலகிக்கொண்ட ஜார்ஜ் லேசன்பி நடித்தது. இருபது வயதில் பார்த்தபோது எனக்கு இது பிடிக்கவே இல்லை. ஷான் கானரியின் இடத்தில் இன்னொருவரை ஏற்க மனம் வரவில்லை. அன்று நான் கவனிக்காமல் விட்டது, இந்த பாண்டின் முகத்தில் தெரியும் பயம்.

பனிமலை உச்சியில் இருக்கும் வில்லன் புளோஃபெல்டின் கோட்டையிலிருந்து இரவில் பனிச்சறுக்கில் தப்பிக் கீழே கிராமத்துக்கு வருகிறான். அங்கே கிறிஸ்துமஸ் கொண்டாட்டம். பாட்டும் விளக்கும் கூட்டமுமாக இருக்கிறது. துரத்தி வந்தவர்கள் அந்தக் கூட்டத்துக்குள் புகுந்து தேடுகிறார்கள். பனிக்கரடி வேஷம் போட்ட ஒருவன் எதிரே வந்ததற்கே திடுக்கிட்டுப் போகிறான் பாண்ட். ஓடி ஓய்ந்து, சறுக்கு விளையாடும் இடத்தின் ஓரமாக, காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு, தலையைக் குனிந்து உட்கார்ந்துவிடுகிறான். கையில் ஆயுதம் இல்லை, அடுத்து என்ன செய்வது என்றும் தெரியவில்லை. அப்போது இரண்டு கால்கள் சறுக்கிக்கொண்டே வந்து அவன் முன்னால் நிற்கின்றன. நிமிர்ந்து பார்த்தால் அவன் காதலிக்கும் ட்ரேஸி. டயானா ரிக் அந்த இடத்தில் ஒரு சின்னப் புன்னகையோடு நிற்பார். பாண்டை ஒருத்தி காப்பாற்றுகிறாள், அவனும் அதை முழு மனதோடு ஏற்றுக்கொள்கிறான். இந்த வரிசையிலேயே எனக்கு மிகவும் பிடித்த நிமிடம் அதுதான்.

இயக்குநர் பீட்டர் ஹன்ட் அதற்கு முன் இதே வரிசையின் படங்களை எடிட் செய்தவர். இது அவர் இயக்கிய முதல் படம். ட்ரேஸியோடு கல்யாணம் முடிந்து கிளம்பிய வழியில், காரின் மேல் இருக்கும் பூக்களை எடுத்துப் போடுவதற்காக பாண்ட் ஓரம் கட்டுகிறான். இன்னொரு கார் கடந்து போகிறது. குண்டுகள் பாய்கின்றன. விரட்டிப் பிடிக்கும் வேகத்தில் காருக்குள் ஏறியவன் பக்கத்தில் திரும்பிப் பார்க்கிறான். பிறகு மோட்டார் சைக்கிளில் வந்து நிற்கும் போலீஸ்காரரிடம், ஒன்றுமில்லை, அவள் ஓய்வெடுக்கிறாள், அவசரமே இல்லை, எங்களுக்கு எவ்வளவோ நேரம் இருக்கிறது என்கிறான். குண்டு துளைத்த முன்கண்ணாடியோடு படம் முடிந்துவிடுகிறது.

வரிசையாகப் பார்த்ததால்தான் அதற்கு மேல் நடந்ததும் புரிந்தது. 1971-இல் கானரி திரும்பி வருகிறார், ட்ரேஸியைப் பற்றி ஒரு பேச்சும் இல்லை. எனக்கு அது கோபமாகவே இருந்தது. ஆனால் 1977-இன் 'தி ஸ்பை ஹூ லவ்டு மீ'யில் ரஷ்ய உளவாளி அன்யா, பாண்டைப் பற்றிய விவரங்களை அவனிடமே ஒப்பிக்கிறாள். மனைவி கொல்லப்பட்ட இடத்துக்கு வந்ததும் ரோஜர் மூர் பேச்சைச் சட்டென்று வெட்டுகிறார். அதுவரை இருந்த சிரிப்பு முகத்தில் இல்லை. 1981-இன் 'ஃபார் யுவர் ஐஸ் ஒன்லி' தொடங்குவதே அவள் கல்லறையில் அவன் பூ வைப்பதில்தான். போலீஸ்காரரிடம் சொன்ன அந்தக் கடைசி வாக்கியம்தான் கல்லில் செதுக்கியிருக்கிறது. அதை இயக்கிய ஜான் க்ளென், 1969 படத்தின் எடிட்டர். மறக்காமல் வைத்திருந்தவர் அவர்தான் என்று நான் நம்புகிறேன். முன்பெல்லாம் கையில் கிடைத்த படத்தைக் கிடைத்தபோது பார்த்ததில், இந்த இழை என் கண்ணில் படவே இல்லை.

கேள்வி: கானரியா, மூரா? எங்கள் வீட்டில் தீராத சண்டை.

கானரி. 1963-இன் 'ஃப்ரம் ரஷ்யா வித் லவ்' ரயில் சண்டையை வீட்டில் எல்லோரும் சேர்ந்து உட்கார்ந்து பாருங்கள். நீல வெளிச்சம், ஒரு குறுகலான ரயில் பெட்டி, எதிரே ராபர்ட் ஷா. சண்டை முழுக்கப் பின்னணி இசையே கிடையாது. ரயில் ஓடும் சத்தமும் உடம்புகள் மோதும் சத்தமும்தான். இரண்டு பேரில் ஒருவர்தான் உயிரோடு வெளியே வரப்போகிறார் என்று உண்மையிலேயே தோன்றும்.

மூர் ரசிகர்கள் 'ஃபார் யுவர் ஐஸ் ஒன்லி'யைக் காட்டலாம். மலை விளிம்பில் ஆடிக்கொண்டிருக்கும் காரை, உள்ளே இருக்கும் கொலைகாரனோடு சேர்த்துக் காலால் உதைத்துத் தள்ளுவார். தன் பாண்ட் இப்படிச் செய்யமாட்டான் என்று மூர் அந்தக் காட்சிக்குத் தயங்கினார். அந்தத் தயக்கம் இருந்தும் அவர் செய்தது படத்துக்கு நல்லதாகவே முடிந்தது.

கேள்வி: திமோதி டால்டனுக்கு ஏன் இரண்டே படம்?

1989-க்குப் பிறகு சட்டச் சிக்கலில் ஆறு ஆண்டுகள் படமே வரவில்லை. அதற்குள் அவர் விலகிவிட்டார். பெரிய நஷ்டம். 'லைசென்ஸ் டு கில்'லில் நண்பன் ஃபீலிக்ஸின் கல்யாணத்தில், அடுத்த மாப்பிள்ளை நீதான் என்பதுபோல மணப்பெண் பாண்டிடம் விளையாடுவாள். டால்டனின் முகம் அப்படியே இறுகிவிடும். அவருக்கும் ஒருமுறை கல்யாணம் ஆகியிருந்தது, ரொம்ப காலத்துக்கு முன்னால், என்று ஃபீலிக்ஸ் அவளிடம் சொல்வார். 1969-இலிருந்து இருபது ஆண்டுகள், மூன்றாவது நடிகர், அதே துக்கம்.

கேள்வி: 'ஆக்டோபஸ்ஸி'யில் நம் விஜய் அமிர்தராஜ் இருக்கிறாரே, அதற்காகவாவது பாராட்டக் கூடாதா?

அவரைப் பாராட்டுகிறேன். அவர் வரும் இடங்களில் ஓர் இயல்பான குதூகலம் இருக்கிறது. ஆனால் உதயப்பூரில் பாண்ட் ஓர் இந்தியர் கையில் பணக்கட்டைத் திணித்து, கறிச் சாப்பாட்டுக்குக் கொஞ்ச நாள் ஆகும் என்கிற மாதிரி ஒரு வசனம் பேசுவான். 1983-இல் வந்த படம். சின்ன வயதில் நானும் சிரித்திருக்கிறேன். இப்போது வலித்தது.

கேள்வி: மோசமானது எது?

2002, 'டை அனதர் டே'. பாண்ட் வட கொரியச் சிறையில் 14 மாதங்கள் கிடப்பதாகத் தொடங்குகிறது. அருமையான தொடக்கம். அங்கிருந்து கண்ணுக்குத் தெரியாத காருக்கும் கம்ப்யூட்டர் அலைச்சறுக்குக்கும் போய்விடுகிறார்கள். பியர்ஸ் பிராஸ்னனுக்கு இதைவிட நல்ல வழியனுப்பு கிடைத்திருக்க வேண்டும்.

கேள்வி: 16 வயது மகளோடு பார்க்க ஆசை. எங்கே தொடங்கட்டும்?

2006, 'கேஸினோ ராயல்'. பழையவற்றில் தொடங்காதீர்கள் அம்மா. 'கோல்ட்ஃபிங்கர்' கொட்டகைக் காட்சியில், வேண்டாம் என்று விலக்கும் பெண்ணை பாண்ட் பலவந்தமாக மடக்குகிறான், படமும் அதைக் காதல் என்றே காட்டுகிறது. அந்தக் காலம் அப்படி என்று என்னால் கடந்துபோக முடியவில்லை. மகளோடு பிறகு பாருங்கள், பார்க்கும்போது நிறுத்திப் பேசுங்கள்.

'கேஸினோ ராயல்' படிக்கட்டுச் சண்டையில் இரண்டு பேர் சாகிறார்கள். வழக்கமாக அடுத்த காட்சியில் பாண்ட் கோட்டைச் சரிசெய்துகொண்டு கிளம்பிவிடுவான். இங்கே அவனோடு வந்திருந்த வெஸ்பர் போட்ட உடையோடு ஷவருக்கு அடியில் தரையில் உட்கார்ந்து நடுங்குகிறாள். டேனியல் கிரெய்க் பேச்சுக் கொடுக்காமல் சட்டையோடு அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்து நனைகிறார். கையிலிருந்து ரத்தம் போகவில்லை என்பதுபோல அவள் சொல்ல, அவள் விரல்களுக்கு முத்தமிடுகிறார். அவளுக்குக் குளிருகிறதா என்று கேட்டு, தண்ணீரைச் சூடாக்குகிறார். ஒரு கொலை பக்கத்தில் இருந்தவரை என்ன செய்யும் என்று இந்தப் படங்கள் இவ்வளவு பொறுமையாகக் காட்டியது எனக்கு இதுதான் முதல்முறை.

கேள்வி: 'நோ டைம் டு டை'யில் பாண்டைச் சாகடித்தது நியாயமா?

என் நண்பர்களில் பலருக்கு இன்னும் ஆறவில்லை. எனக்கு நியாயமாகவே பட்டது. அவன் தொட்டாலே, மனைவிபோல இருக்கும் மேட்லினுக்கும் பிள்ளைக்கும் சாவு என்கிற நிலையில் அவனை நிறுத்திவிட்டார்கள். தீவை நோக்கி ஏவுகணைகள் வருகின்றன. இன்னும் கொஞ்சம் நேரம் இருந்தால் போதுமே என்று மேட்லின் அழுகிறாள். அவன் பதிலாகச் சொல்வது அதே பழைய வாக்கியம். 1969-இல் போலீஸ்காரரிடம் 'எங்களுக்கு' என்று சொன்னான். இங்கே 'உனக்கு' என்கிறான். பெயர்கள் ஓடும்போது, ஜான் பாரி இசையில் லூயி ஆம்ஸ்ட்ராங் 1969 படத்துக்காகப் பாடிய பாட்டு வருகிறது. கடைசிப் பெயர் ஓடி முடியும்வரை நான் எழுந்திருக்கவில்லை.