தெ.பொ.மீ. எந்த ஊர்?

கேள்வி: மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் நூலகத்துக்கு தெ.பொ.மீ. (தெ.பொ. மீனாட்சிசுந்தரம்) பெயர், அரங்கத்துக்கு மு.வ. (மு. வரதராசன்) பெயர். இரண்டு பேருமே தமிழ் வாத்தியார்கள். இரண்டு பேருமே மதுரைக்காரர்கள் இல்லை. உயிரியலுக்குப் பேர்போன இடத்தில் வேறு ஆளே கிடைக்கவில்லையா?
– வாசகர் ஒருவர், செக்கானூரணி.

பதில்: பல்கலைக்கழகத்தின் பெயரிலேயே இருக்கும் காமராசரும் மதுரைக்காரர் இல்லையே ஐயா, விருதுநகர்க்காரர். அதைக் கேட்க மறந்துவிட்டீர்களா, மனம் வரவில்லையா?

1966ல் தொடங்கியபோது அதன் பெயர் வெறும் மதுரைப் பல்கலைக்கழகம். காமராசர் பெயர் சேர்ந்தது 1978ல். அதற்கு முன்பு கோரிப்பாளையத்தில் அமெரிக்கன் கல்லூரியில் படித்தாலும், தெப்பக்குளத்தில் தியாகராசர் கல்லூரியில் படித்தாலும் பட்டம் கொடுத்தது சென்னைப் பல்கலைக்கழகம். அப்புறம் கன்னியாகுமரி வரைக்கும் உள்ள கல்லூரிகள் இந்தப் பல்கலைக்கழகம் இருக்கும் நாகமலை அடிவாரத்தைப் பார்த்துத் திரும்பின. 1990ல் திருநெல்வேலியில் சுந்தரனார் பல்கலைக்கழகம் வரும்வரை நாகர்கோவில் பையனுக்கும் மதுரைதான். அப்படிப்பட்ட இடத்தில் உள்ளூர்க்காரர் பெயர் வேண்டும் என்றால் எந்த ஊரை உள்ளூர் என்பது?

சரி, வாத்தியார் விஷயத்துக்கு வருவோம். தெ.பொ.மீ. சென்னை சிந்தாதிரிப்பேட்டையில் பிறந்தவர். சட்டம் படித்து வக்கீலாகப் பதிவு செய்துகொண்டவர், சென்னை மாநகராட்சியில் உறுப்பினராகவும் இருந்தவர். பன்மொழிப் புலவர் என்ற பட்டத்தை யாரும் சும்மா கொடுக்கவில்லை. மொழியை இலக்கணப் புலவராக மட்டும் பார்க்காமல் மொழியியல்காரராகவும் பார்த்தவர் அவர். முதல் துணைவேந்தராக அவர் வந்தபோது கையில் இருந்தது ஒரு சட்டம், கொஞ்சம் துறைகள், தேனி ரோட்டோரம் பெரிய பொட்டல். அந்த ஆளின் பெயர் நூலகத்தில் இல்லாமல் சைக்கிள் ஸ்டாண்டிலா இருக்க வேண்டும்?

மு.வ. கதை இன்னும் சுவாரசியம். திருப்பத்தூர் தாலுகா ஆபீசில் கிளார்க்காக இருந்தவர். உடம்பு சரியில்லாமல் வேலையை விட்டு, வீட்டில் இருந்தே தமிழ் படித்தார். 1935ல் வித்துவான் தேர்வில் முதலிடம். திருப்பனந்தாள் மடம் ஆயிரம் ரூபாய் பரிசு கொடுத்தது. அன்றைய ஆயிரம் ரூபாய் என்றால் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். 1948ல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டம். 1971ல் மதுரைக்குத் துணைவேந்தராக வந்தார். மதுரையில் அஞ்சல்வழிக் கல்வி தொடங்கியதும் அதே 1971ல்தான். வேலைக்குப் போய்க்கொண்டே, அடுப்படியில் இருந்துகொண்டே பட்டம் வாங்கிய எத்தனையோ குடும்பங்களுக்கு, தபால்காரர் கொண்டுவந்த அந்தப் பாடக் கட்டுதான் பல்கலைக்கழகம். தனியாக உட்கார்ந்து படித்துத் தேறிய ஒருவர் அந்த நேரத்தில் அந்த நாற்காலியில் இருந்தது எனக்குப் பொருத்தமாகவே படுகிறது. 1974 அக்டோபரில், பதவியில் இருக்கும்போதே மறைந்தார். அரங்கத்துக்கு அவர் பெயர் வைத்ததில் உங்களுக்கு என்ன நஷ்டம்?

நீங்கள் விட்டுவிட்ட தமிழ் வாத்தியார் இன்னொருவர் உண்டு. வ.சுப. மாணிக்கம், மேலைச்சிவபுரிக்காரர். சின்ன வயதில் ரங்கூனில் வட்டிக்கடையில் வேலை. வருமானவரி அதிகாரி வந்தால் முதலாளி இல்லை என்று சொல்லிவிடு என்றார்கள். இருக்கிறவரை இல்லை என்று சொல்லமாட்டேன் என்றார் பையன். வேலை போயிற்று, கப்பலேறி ஊர் வந்தார், பண்டிதமணி கதிரேசன் செட்டியாரிடம் தமிழ் படித்தார். 'பொய் சொல்லா மாணிக்கம்' என்ற பெயர் கடைசிவரை நின்றது. 1979ல் அவர் துணைவேந்தரானார். துணைவேந்தராக வருகிறவரின் பயோடேட்டாவில் இந்த ஒரு வரிக்கு இடம் ஒதுக்கலாம் என்று எனக்கு ரொம்ப நாளாக ஆசை.

தமிழ்க்காரர்களே ஆண்டார்கள் என்பதும் சரியில்லை. வா.செ. குழந்தைசாமி நீரியல் படித்த பொறியாளர். எஸ். கிருஷ்ணசாமி விலங்கியல்காரர். உயிரித்தொழில்நுட்பத்தில் முதுகலைப் படிப்பை நாட்டில் முதன்முதலாக ஆரம்பித்த ஒருசில பல்கலைக்கழகங்களில் மதுரையும் ஒன்று. நீங்கள் பெருமைப்படும் அந்த உயிரியல், தமிழ் வாத்தியார்கள் போட்ட அஸ்திவாரத்தின் மேல்தான் நிற்கிறது.

நான் சலித்துக்கொள்வது வேறு ஒன்றைப் பார்த்து. எங்கள் ஆபீஸ் பக்கத்தில் ஒரு கட்டடம். வாசலில் கருப்பு கிரானைட் பலகையில் தங்க எழுத்து. திறந்துவைத்தவர், தலைமை தாங்கியவர், முன்னிலை, வரவேற்பு, நன்றியுரை என்று பதினோரு பேர். நன்றி சொன்னவருக்குக்கூட கல்லில் இடம் இருக்கிறது, கட்டிய கொத்தனாருக்கு இல்லை. அதைத் துடைக்கிற அம்மா தவிர யாரும் பக்கத்தில் போய்ப் பார்த்து நான் கண்டதில்லை.

உங்கள் ஊர்ப் பக்கம்தானே கொங்கர் புளியங்குளம்? ஒரு ஞாயிற்றுக்கிழமை வெயில் ஏறுமுன் மலைக்குப் போய், குகையின் நெற்றியை அண்ணாந்து பாருங்கள். சமணத் துறவிகள் தங்கிய இடம். இரண்டாயிரம் வருடத்துக்கு முந்தைய தமிழ் பிராமி எழுத்தில், அந்த இடத்துக்குக் கொடை கொடுத்தவர்கள் பெயரை வெட்டி வைத்திருக்கிறார்கள். நன்றியுரை சொன்னவர் பெயர் இல்லை. ஒருவர் பேராதன் பிடன், ஊர் பாகனூர். அவரும் கொங்கர் புளியங்குளத்துக்காரர் இல்லை.