சுழல் மின்னோட்டத்தால் நட்டம் மட்டும்தானா, உபயோகம் உண்டா?

மோட்டார் சூடாவதற்கு ஒரு காரணமான சுழல் மின்னோட்டத்தால் ஏதாவது நன்மை உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். உண்டுங்க, நிறையவே. கோயமுத்தூர் பம்புசெட்டுப் பட்டறைகளில் மோட்டாரின் இரும்பு உள்ளகத்துக்கான ஸ்டாம்பிங் தகடுகளை மெல்லிசாக அடுக்குவது இதை அடக்கத்தான், ஆனால் பிரேக்கில் இதே சமாச்சாரம் வரம்.

காந்தப்புலத்துக்குள் ஓர் உலோகத் தட்டு சுழன்றால் தட்டுக்குள்ளேயே மின்னோட்டம் வட்டமடிக்கும், இதுதான் சுழல் மின்னோட்டம், அது உண்டாக்கும் காந்தப்புலம் அந்தச் சுழற்சியையே எதிர்க்கும், இயக்க ஆற்றலெல்லாம் சூடாக மாறிவிடும். உரசலே இல்லை, அதனால் தேய்மானமும் இல்லை. திம்பம் மலைப்பாதையில் 27 கொண்டை ஊசி வளைவுகள். லோடு லாரிக்காரர் பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்கினால் லைனிங் சூடாகிப் பிடிப்பு போய்விடும். இந்த மாதிரி இறக்கத்துக்காகவே கனரக வண்டிகளின் புரொப்பல்லர் ஷாஃப்டில் மின்காந்த ரிட்டார்டர், அதாவது சுழல் மின்னோட்டத்தால் வேகத்தைக் குறைக்கும் கருவி, பொருத்துவது உண்டு. ஒரே குறை, வண்டி மெதுவாகிவிட்டால் பிடியும் தளர்ந்துவிடும், நிற்கிற வண்டியை இது பிடிக்கவே பிடிக்காது, ஆக சாதாரண பிரேக்கும் வேண்டும். ஜெர்மனியின் ஐசிஇ 3 அதிவேக ரயிலிலும் இது இருக்கிறது, அங்கே தண்டவாளமே தட்டு.

அப்புறம் உலோகத்தில் விரிசல் தேடும் சோதனை. காயிலில் மாறுமின்னோட்டம் விட்டு உலோகத்தின் மேல் நகர்த்தினால், விரிசல் உள்ள இடத்தில் சுழல் மின்னோட்டம் சுற்றிக்கொண்டு போகும், காயிலின் மின்மறுப்பு (மாறுமின்னோட்டத்துக்கு அது காட்டும் எதிர்ப்பு) மாறும், கருவி காட்டிக்கொடுத்துவிடும். மெல்லிய பெயிண்ட் என்றால் சுரண்டக்கூட வேண்டாம். விமானத்தின் ரிவெட் துளைகள், கண்டென்சர் குழாய்களையெல்லாம் இப்படித்தான் பார்க்கிறார்கள். ஆனால் ஃபவுண்டரி வார்ப்படத்தின் நடுவே இருக்கும் காற்றுப் பொத்தலுக்கு இதை நம்பாதீர்கள், மேல்தோலைத் தாண்டி அதிகம் இறங்காது, இரும்பில் இன்னும் மோசம். அதற்கு அல்ட்ராசானிக் அல்லது எக்ஸ்ரேதான்.