ஆறு வருஷ வேலைக்குப் பிறகு எம்.ஓ.டி. தேவையா?

கேள்வி: பி.ஓ.டி. (ஆக்குப்பேஷனல் தெரபி இளநிலைப் பட்டம்) முடித்து, ஈரோட்டில் ஒரு குழந்தைகள் தெரபி சென்டரில் ஆறு வருஷமாக ஆக்குப்பேஷனல் தெரபிஸ்ட்டாக, அதாவது சாப்பிடுவது, குளிப்பது போன்ற அன்றாட வேலைகளைச் செய்யப் பழக்கும் சிகிச்சையாளராக இருக்கிறேன். மாதம் 24,000 ரூபாய் சம்பளம். தினமும் எட்டு, ஒன்பது செஷன். என்னிடம் நன்றாகச் செய்கிற குழந்தை வீட்டில் எதையும் செய்வதில்லை என்று அம்மாக்கள் சொல்லும்போது சங்கடமாக இருக்கிறது. இதன் முதுகலையான எம்.ஓ.டி. படிக்கலாமா என்று யோசிக்கிறேன். சென்டர் உரிமையாளர், “முடித்துவிட்டு வா, மாதம் 5,000 கூட்டித் தருகிறேன்” என்கிறார். எனக்கு மூன்று வயதில் மகன். மாமியாரோ, “29 வயசுக்கு மேல் என்ன படிப்பு?” என்கிறார். ஆறு மாத ஆன்லைன் பி.ஜி. டிப்ளமோ விளம்பரம் ஒன்று கண்ணில் பட்டது. லண்டனில் இருக்கும் சித்தி மகள், “எம்.எஸ்சி. ஆக்குப்பேஷனல் தெரபி இங்கேயே இருக்கிறது, வந்துவிடு” என்கிறாள். எதைத்தான் செய்வது?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, ஈரோடு.

பதில்: பணக் கணக்கை முதலில் போட்டுவிடலாம். எம்.ஓ.டி. இரண்டு வருஷம், முழுநேரப் படிப்பு. 24 மாதச் சம்பளம் என்றால் 5,76,000 ரூபாய். ஃபீஸும் போக்குவரத்தும் தனி. திரும்பி வந்ததும் மாதம் 5,000 கூடுதலாகக் கிடைத்தால், விட்ட சம்பளத்தைப் பிடிக்கவே ஒன்பதரை வருஷத்துக்கு மேல் ஆகும். உங்கள் உரிமையாளரைக் குறை சொல்லவில்லை. அவர் செஷனுக்கு இவ்வளவு என்றுதான் பெற்றோரிடம் வாங்குகிறார். உள்ளே இருப்பவர் பி.ஓ.டி.யா எம்.ஓ.டி.யா என்று பார்த்து யாரும் கூடக் கொடுப்பதில்லை. அதே சென்டருக்கு, அதே ஒன்பது செஷனுக்குத் திரும்பத்தான் என்றால், ஏமாற்றாமல் சொல்கிறேன், படிக்காதீர்கள். கல்லூரியில் பாடம் நடத்த வேண்டும், பெரிய மருத்துவமனையில் ஒரு துறையைப் பொறுப்பேற்க வேண்டும், பிறகு பிஹெச்.டி. செய்ய வேண்டும் என்றெல்லாம் எண்ணம் இருந்தால் கணக்கே வேறு. அங்கே எம்.ஓ.டி. இல்லாமல் நகர முடியாது.

ஆனால் உங்கள் கடிதத்தில் பணத்தோடு சம்பந்தமில்லாத வரி ஒன்று இருக்கிறது. சென்டரில் செய்கிற குழந்தை வீட்டில் செய்வதில்லை. அந்த வரி இல்லாவிட்டால் நான் மேலே சொன்னதோடு நிறுத்தியிருப்பேன்.

என் கதை ஒன்று. நானும் நான்கு வருஷம் வேலை பார்த்துவிட்டுத்தான் எம்.ஓ.டி. சேர்ந்தேன். நரம்பு நோய்ப் பிரிவில், அதாவது நியூரோ போஸ்டிங்கில், பக்கவாதம் வந்த ஒரு பெரியவர் இருந்தார். விவசாயி, வலது கை விழுந்துவிட்டது. மூன்று வாரம் உழைத்து, தடித்த கைப்பிடி வைத்த ஸ்பூன் ஒன்றைச் செய்து கொடுத்து, பிடிக்கவும் பழக்கினேன். வார்டில் உப்புமாவைச் சிந்தாமல் வாய்க்குக் கொண்டுபோனார். எனக்கு ஒரே பெருமை. கேஸ் பிரசென்டேஷனில் படங்களோடு விளக்கி முடித்ததும் என் கைடு கேட்டார்: “அவர் வீட்டில் யாரம்மா ஸ்பூனில் சாப்பிடுகிறார்கள்?”

ஒருவரும் இல்லை. அவர் சோறு பிசைந்து சாப்பிடுகிற மனிதர். இடது கையால் சாப்பிடச் சொன்னால் பட்டினி கிடப்பார். ஊர்க் கல்யாணத்தில் பந்தியில் உட்கார வேண்டும் என்பதுதான் அவருடைய கவலையே. அதை நான் கேட்கவே இல்லை. மறுநாள் எல்லாவற்றையும் மறுபடி ஆரம்பித்தோம். மூன்று விரலைக் குவிப்பது, விளிம்பு உயர்ந்த தட்டு, சோற்றைக் கொஞ்சம் குழைய வடிப்பது, பந்தியில் எந்த ஓரத்தில் உட்கார்ந்தால் கை இடிக்காது என்பது வரைக்கும். பாதி வேலை அவர் மனைவியோடுதான் நடந்தது.

இதெல்லாம் பி.ஓ.டி.யில் சொல்லித்தரவில்லையா என்றால், தந்தார்கள். பரீட்சையில் நன்றாக எழுதி மார்க்கும் வாங்கினேன். வேலைக்கு வந்த பிறகு என் செஷனுக்குள் எட்டிப் பார்த்து “ஏன் இதைச் செய்கிறாய்?” என்று கேட்க ஆள் இல்லாமல் போனதுதான் விஷயம். அம்மாக்கள் கேட்க மாட்டார்கள், நம்மைத்தான் நம்பி வருகிறார்கள். முதலாளிக்கு அடுத்த செஷன் நேரத்துக்குத் தொடங்க வேண்டும். ஆறு வருஷத்தில் உங்கள் கை பழகியிருக்கும், அது உண்மை. ஆனால் பழகிய கையை யாராவது பார்த்துத் திருத்தினார்களா? வேலை பார்த்த ஒருவருக்கு எம்.ஓ.டி. கொடுக்கக்கூடியது முக்கியமாக இதைத்தான்: இரண்டு வருஷம் உங்கள் தோளுக்குப் பின்னால் நின்று “ஏன்?” என்று கேட்கிற ஓர் ஆள். புதிய டெக்னிக்குகளை வார இறுதிப் பயிற்சிகளிலேயே கற்றுக்கொள்ளலாம்.

உங்கள் சென்டரில் கூரையிலிருந்து தொங்கும் அந்த ஊஞ்சலையே எடுத்துக்கொள்ளுங்கள். அதற்குப் பின்னால் இருக்கும் சென்ஸரி இன்டக்ரேஷன் (புலன் உணர்வுகளை மூளை ஒருங்கிணைப்பது) சிந்தனை ஏ. ஜீன் அயர்ஸுடையது. கலிஃபோர்னியாக்காரர், நம்மைப் போல ஒரு தெரபிஸ்ட். 1945-ல் பட்டம் வாங்கினார், முதுகலை 1954-ல், பிஹெச்.டி. 1961-ல். பட்டத்துக்கும் முதுகலைக்கும் நடுவில் மட்டும் ஒன்பது வருஷ இடைவெளி. கையில் ஒரு கேள்வி இருந்ததால் திரும்பத் திரும்பப் படிக்கப் போன பெண். இன்று நாம் அவருடைய ஊஞ்சலை மட்டும் வாங்கி மாட்டிவிட்டோம்.

உங்களுக்கும் கேள்வி கிடைத்துவிட்டது, அதனால்தான் போங்கள் என்கிறேன். எம்.ஓ.டி. சேருகிற பலர் தீசிஸ் தலைப்புக்காக முதல் வருஷம் முழுக்க அலைந்து, கடைசியில் சீனியர் செய்ததையே நோயின் பெயரை மட்டும் மாற்றிச் செய்கிறார்கள். நீங்கள் தலைப்போடு போகலாம். ஒரே எண்ணிக்கையில் செஷன். ஒரு குழுவுக்கு எல்லாம் சென்டரில். இன்னொரு குழுவுக்கு ஒவ்வொரு வாரமும் ஒரு செஷன் வீட்டில், அம்மாவோடு, அவர்கள் குளியலறையிலோ சாப்பிடுகிற இடத்திலோ. மூன்று மாதம் கழித்து வீட்டில் என்ன மாறியிருக்கிறது என்று அளப்பது. அளக்கக் கருவிகள் இருக்கின்றன. குடும்பம் எதை முக்கியமாக நினைக்கிறது என்று கேட்டு, பத்துக்கு இத்தனை என்று மதிப்பெண் போடுவது சி.ஓ.பி.எம். என்ற கருவி. வைத்த குறிக்கோளை (கோல்) எவ்வளவு எட்டினோம் என்று அளக்கும் கோல் அட்டெயின்மென்ட் ஸ்கேலிங் 1968-லேயே வந்துவிட்டது, –2 முதல் +2 வரை ஐந்து படி. “சொம்பில் தண்ணீர் மொண்டு தானே தலையில் ஊற்றிக்கொள்வது” என்பது ஒரு கோல் என்று வைத்துக்கொள்ளுங்கள். சொம்பைத் தொடவே மாட்டேன் என்பது –2. அம்மா முழங்கையைப் பிடித்துத் தூக்கிவிட்டால் ஊற்றுவது –1. மூன்று மாதத்தில் நாம் நியாயமாக எதிர்பார்ப்பது 0, அதாவது வாயால் சொன்னால் போதும், கை படாமல் ஊற்றிக்கொள்வது. அதற்கு மேல் போனால் +1, +2. இதைத் தமிழில் எழுதி அம்மா கையிலேயே கொடுத்துவிடலாம். அவர் உங்களைவிடக் கறாராக மார்க் போடுவார்.

சின்னத் தலைப்பு என்று யாராவது சொன்னால் காதில் வாங்காதீர்கள். ஆனால் ஒன்று, சிகிச்சை கொடுத்துப் பார்க்கும் ஆய்வு என்பதால் எத்திக்ஸ் கமிட்டி அனுமதி வேண்டும், முதல் குழந்தையைச் சேர்க்கும் முன்பே சி.டி.ஆர்.ஐ. என்ற இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் பதிவும் செய்ய வேண்டும். அதற்கே சில மாதங்கள் ஓடிவிடும். முதல் வருஷமே சினாப்சிஸை (ஆய்வுத் திட்டச் சுருக்கத்தை) தயாராக வைத்துக்கொள்ளுங்கள்.

எங்கே படிப்பது? வேலூர் சி.எம்.சி., ஸ்ரீ ராமச்சந்திரா, காட்டாங்குளத்தூர் எஸ்.ஆர்.எம். எல்லாம் உங்களுக்குத் தெரிந்த பெயர்கள்தான். வீட்டை விடாமல் படிக்கக் கோவை கே.எம்.சி.ஹெச். பக்கம். ஈரோட்டிலிருந்து ரயிலில் போய் வருகிறவர்கள் ஏராளம். கல்லூரி பெயரைவிட எனக்கு முக்கியம் வேறு. ஒரு நாள் லீவு போட்டுவிட்டு நேரில் போங்கள். பிரின்சிபால் அறைக்கு முதலில் போக வேண்டாம். ஓ.பி.யில் ஓரமாக உட்கார்ந்து, பி.ஜி. மாணவிகள் நோயாளியோடு இருக்கிறார்களா, இல்லை பி.ஓ.டி. பிள்ளைகளுக்கு வகுப்பெடுத்துக்கொண்டும் ஃபைல் தூக்கிக்கொண்டும் திரிகிறார்களா என்று பாருங்கள். டீக்கடையில் ஒரு இரண்டாம் வருஷப் பெண்ணைப் பிடித்து, “கைடு கடைசியாக எப்போது உன் கேஸில் உட்கார்ந்தார்?” என்று கேளுங்கள். முகத்திலேயே பதில் வந்துவிடும். அப்புறம் லைப்ரரியில் போன இரண்டு வருஷத் தீசிஸ்களைப் புரட்டுங்கள். எல்லாவற்றிலும் புள்ளிவிவர அத்தியாயம் எழுத்துக்கு எழுத்து ஒரே மாதிரி இருந்தால், அதை எழுதியது கல்லூரிக்கு எதிரே இருக்கும் பைண்டிங் கடையாக இருக்கலாம். சிரிக்காதீர்கள், தீசிஸ் கணக்குப் போட்டுத் தரும் கடைகளை நானே பார்த்திருக்கிறேன்.

ஸ்பெஷாலிட்டி பற்றி நீங்கள் கேட்கவில்லை. பீடியாட்ரிக்ஸ் என்று முடிவு செய்துவிட்டீர்கள் போலிருக்கிறது, உங்கள் கேள்விக்கு அதுதான் பொருத்தமும். இருந்தாலும் மென்டல் ஹெல்த், நியூரோ, கை சிகிச்சை போஸ்டிங் கிடைத்தால் விடாதீர்கள். ஆறு வருஷம் குழந்தைகளை மட்டுமே பார்த்தவருக்கு, வளர்ந்த பிறகு அந்தக் குழந்தை எங்கே போய் நிற்கும் என்பது மறந்துபோகும். பதினெட்டு வயது ஆட்டிசப் பையனுக்குச் சட்டை பட்டன் போடக் கற்றுத்தருகிற வேலையைப் பார்த்துவிட்டு வந்தால், நாலு வயதுப் பையனின் கோலை வேறு மாதிரி எழுதுவீர்கள்.

ஆன்லைன் டிப்ளமோவை விட்டுவிடுங்கள். 2021-ல் வந்த தேசிய அலைட் ஹெல்த்கேர் ஆணையச் சட்டத்தின்கீழ் நம் துறையும் வருகிறது. அந்தச் சட்டத்தின்கீழ் வரும் படிப்புகளைத் தொலைநிலையிலோ ஆன்லைனிலோ நடத்தக் கூடாது என்று 2025 ஜூலை–ஆகஸ்ட் சேர்க்கையிலிருந்து யு.ஜி.சி. நிறுத்திவிட்டது. விளம்பரத்தில் பி.ஜி. என்று போட்டிருப்பதால் அது எம்.ஓ.டி.க்குச் சமம் ஆகிவிடாது. பொழுதுபோகாமல் கற்றுக்கொள்ள ஆசை என்றால் உங்கள் இஷ்டம்.

லண்டன் விஷயத்தில் கொஞ்சம் கவனம். அங்கே எம்.எஸ்சி. ஆக்குப்பேஷனல் தெரபி என்ற பெயரில் இரண்டு ரகம் உண்டு. “ப்ரீ-ரெஜிஸ்ட்ரேஷன்” என்று போட்டிருந்தால், அது உளவியலோ உயிரியலோ படித்தவர்கள் புதிதாகத் தெரபிஸ்ட் ஆவதற்கான படிப்பு. நீங்கள் ஏற்கெனவே தெரபிஸ்ட். லட்சக்கணக்கில் கட்டி, இருப்பதையே மறுபடி வாங்குவானேன்? இன்னொன்று “போஸ்ட்-ரெஜிஸ்ட்ரேஷன்”, ஏற்கெனவே தெரபிஸ்ட் ஆனவர்களுக்கு, பெரும்பாலும் ஒரு வருஷம். அதைப் படித்ததால் மட்டும் அங்கே வேலை பார்க்கப் பதிவு கிடைத்துவிடாது. பதிவு தருவது ஹெச்.சி.பி.சி. என்ற அந்நாட்டு அமைப்பு. அதற்கு உங்கள் பி.ஓ.டி.யையும் அனுபவத்தையும் காட்டி இங்கிருந்தே விண்ணப்பிக்கலாம். ஆங்கிலத்துக்கு ஐ.இ.எல்.டி.எஸ். மொத்தத்தில் 7, எந்தப் பிரிவிலும் 6.5-க்குக் குறையக் கூடாது. வெளிநாடு போகிறீர்களோ இல்லையோ, பி.ஓ.டி. சிலபஸையும் கிளினிக்கல் மணிக்கணக்குப் பதிவையும் கல்லூரியில் சீல் வைத்து இப்போதே வாங்கி வைத்துவிடுங்கள். பத்து வருஷம் கழித்துக் கேட்டால் அலையவிடுவார்கள். தங்கைக்கு, “ப்ரீயா, போஸ்ட்டா?” என்று ஒரு மெசேஜ் போட்டால் பாதி குழப்பம் தீர்ந்துவிடும்.

மாமியாருக்குப் பதில் சொல்ல வேண்டுமா? கமலா நிம்ப்கர் என்று ஒருவர். அமெரிக்காவில் பிறந்து, இந்தியரைக் கல்யாணம் செய்துகொண்டு இங்கே வந்தவர். நாற்பது வயதைத் தாண்டிய பிறகுதான் ஆக்குப்பேஷனல் தெரபி படிக்கப் போனார். 1950-ல் மும்பை கே.இ.எம். மருத்துவமனையில் நம் நாட்டின் முதல் ஆக்குப்பேஷனல் தெரபி பள்ளியை ஆரம்பித்தவர் அவர்தான். ஆனால் இந்தக் கதையைச் சொல்லி மாமியாரை ஜெயிக்க முடியும் என்று நான் நினைக்கவில்லை. அவர் கேட்டது வயதைப் பற்றி இல்லை, பையனை யார் பார்த்துக்கொள்வது என்பதைத்தான். இரண்டு வருஷம் காலை ஆறரையிலிருந்து இரவு எட்டு வரை யார் என்ன செய்வது என்று கணவரும் நீங்களும் ஒரு தாளில் எழுதி, மாமியாரிடம் நேராகக் கேளுங்கள். அவர் முடியாது என்றால் மகன் பள்ளிக்குப் போகும்வரை ஒரு வருஷம் தள்ளிப்போடலாம், ஒன்றும் குடிமுழுகிவிடாது.

தள்ளிப்போட்டால் அந்த வருஷத்தைச் சும்மா விடாதீர்கள். மாற்றுத்திறனாளிகளுக்கான தமிழ்நாடு அரசின் ‘உரிமைகள்’ திட்டத்தில் விழுதுகள் மையங்கள் வந்திருக்கின்றன, அங்கே தெரபிஸ்ட்டுகளை எடுக்கிறார்கள். குடும்பத்தோடு, ஊருக்குள் வேலை செய்த அனுபவம் கிடைக்கும். ஈரோட்டிலும் சுற்றுவட்டாரத்திலும் இருக்கும் தெரபிஸ்ட்டுகள் நாலு பேர் சேர்ந்து மாதம் ஒரு ஞாயிறு, ஒருவர் கேஸை மற்ற மூவரும் கிழிப்பது என்று வைத்துக்கொள்ளுங்கள். டீயும் பஜ்ஜியும்தான் செலவு.

இது எதற்கும் காத்திருக்காமல் திங்கட்கிழமையே ஒன்று செய்யலாம். ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்குங்கள். ஒவ்வொரு அம்மாவிடமும் செஷன் முடிந்ததும், “நேற்று வீட்டில் இவனுக்காக நீங்கள் செய்துவிட்டது எது?” என்று கேட்டு, அவர் சொன்ன வார்த்தையிலேயே எழுதி, தேதி போடுங்கள். கல்லூரிக்குப் போய்ப் பார்க்கிற அன்றைக்கு அந்த நோட்டு பையில் இருக்கட்டும். கைடாக வரக்கூடியவர் உங்கள் சர்ட்டிஃபிகேட்டைப் பார்க்கிறாரா, அந்த நோட்டை வாங்கிப் படிக்கிறாரா என்று பார்த்துக்கொண்டு எனக்கு மறுபடி எழுதுங்கள்.