ஆர்டர் கொல்கத்தாவில், கப்பல் காட்டுப்பள்ளியில்: துணை ஒப்பந்தத்துக்கு யாரை அணுகுவது?

கேள்வி: எண்ணூரில் குழாய் வேலையும் வெல்டிங்கும் செய்யும் சிறு பட்டறை நடத்துகிறேன். கடற்படைக் கப்பல்களுக்கான ஆர்டரைக் கொல்கத்தாவின் அரசு நிறுவனம் பெறுகிறது. கப்பலோ காட்டுப்பள்ளியில் உருவாகிறது. துணை ஒப்பந்தத்துக்கு யாரிடம் செல்வது? கட்டுமானம், பழுதுபார்ப்பு இரண்டில் எனக்கு எது ஏற்றது?

பதில்: நீங்கள் குறிப்பிடும் ஏற்பாட்டுக்கு 2025 ஜூனில் கடற்படையில் சேர்ந்த ஐஎன்எஸ் அர்னாலா நல்ல உதாரணம். ஆழம் குறைந்த கடலில் நீர்மூழ்கிகளைத் தேடும் 8 கப்பல்களுக்கு 2019 ஏப்ரலில் நீங்கள் சொல்லும் கொல்கத்தா அரசு நிறுவனமான கார்டன் ரீச் ஒப்பந்தமிட்டது. அவற்றில் 4 கப்பல்களைக் கட்டும் பணி தனியார் நிறுவனமான எல் அண்ட் டி-யின் காட்டுப்பள்ளிக் கப்பல் கட்டும் தளத்துக்கு வந்தது. கடற்படைக்குப் பொறுப்பேற்பது கார்டன் ரீச். உங்கள் பட்டறைக்குப் பணி ஆணை தருவது பெரும்பாலும் தளத்தை நடத்தும் நிறுவனம்தான். எனவே முதலில் காட்டுப்பள்ளியில் விற்பனையாளராகப் பதிவு செய்யுங்கள்.

அதற்காக அரசுத் தளங்களை விட்டுவிட வேண்டாம். மத்திய அரசு நிறுவனங்கள் தம் ஆண்டுக் கொள்முதலில் 25 சதவீதத்தைக் குறு, சிறு நிறுவனங்களிடம் வாங்க வேண்டும் என்ற கொள்கை அவற்றைக் கட்டுப்படுத்துகிறது, தனியார் தளத்தை அல்ல. குறு, சிறு நிறுவனங்களுக்கான உத்யம் பதிவு இருந்தால் அரசு டெண்டர்களில் விண்ணப்பத்துடன் கட்டும் முன்வைப்புத் தொகையிலிருந்து விலக்கும் கிடைக்கும். ஆனால் பணம் தரும் கெடு இரு தரப்புக்கும் ஒன்றே: எழுத்து ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாள், இல்லாவிட்டால் 15 நாள். பணி ஆணையை எழுத்தில் வாங்காமல் ஒரு குழாயைக்கூட வெட்டாதீர்கள்.

பழுதுபார்ப்பில் எனக்குத் தயக்கம் உண்டு. போர்க்கப்பல்களின் பெரும்பகுதிப் பழுதுப் பணி மும்பை, விசாகப்பட்டினம் கடற்படைத் தளங்களிலேயே நடக்கிறது. வெளியே வருவது ஒரு பகுதிதான். காட்டுப்பள்ளியிலும் பழுதுபார்ப்பு உண்டு, 2022-இல் அமெரிக்கக் கடற்படையின் சார்ல்ஸ் ட்ரூ என்ற கப்பல் அதற்காக அங்கு வந்தது. எனினும் டெண்டரில் பத்து மீட்டர் குழாய் மாற்றம் என்றிருக்கும். குழாயின் மேலுள்ள காப்புறையைப் பிரித்து அதன் சுவர்த் தடிமனை அளந்தால் அடுத்த முப்பது மீட்டரும் அரித்துத் தேய்ந்திருக்கும். கப்பல் புறப்படும் நாளோ மாறாது. கூடுதல் வேலைக்கு மீட்டருக்கு இவ்வளவு என்பது போன்ற அலகு விலையை முன்கூட்டியே ஒப்பந்தத்தில் எழுதாத சிறு பட்டறை அந்தச் சுமையைத் தாங்காது.

ஆகவே கட்டுமானத்தில் தொடங்குங்கள். அதற்குமுன் உங்கள் வெல்டர்களுக்கு, கப்பல்களின் தரத்தைச் சோதித்துச் சான்றளிக்கும் இந்தியக் கப்பல் பதிவகத்தின் தகுதிச் சான்று பெறுங்கள். அது இருந்தால் அரசு, தனியார் என எந்தத் தளத்திலும் உங்கள் விண்ணப்பத்துக்கு மதிப்புக் கூடும்.