கேளுங்க பிரதர்: வேலையை விட்டுட்டு வந்துடலாமா?

கேள்வி: பைபிள்ல நெகேமியா புத்தகம் வாசிச்சதுல இருந்து ஒரே பாரமா இருக்கு. எங்க ஜனங்க ரெண்டா பிரிஞ்சு கேஸு, சண்டைன்னு அலையுறாங்க, பாதிப் பேர் வட்டிக் கடன்ல கிடக்குறாங்க. ஆண்டவர் என்னைக் கூப்பிடுறாரோன்னு தோணுது. நான் ஊழியக்காரன் இல்ல, ஆபீஸ் வேலை பாக்குறேன். வேலையை விட்டுடலாமா?

பதில்: ராஜினாமா லெட்டரை முதல்ல உள்ள வைங்க பிரதர். நெகேமியா மட்டும் என்ன ஆசாரியனா, பெர்சிய ராஜா அர்தசஷ்டாவுக்கு திராட்சரசம் ஊத்திக் கொடுக்குற பானபாத்திரக்காரர் தானே. எருசலேம் அலங்கம், அதாவது நகரத்துச் சுவர், இடிஞ்சு கிடக்குன்னு யூத காலண்டர்ல கிஸ்லேயு மாசம் கேள்விப்பட்டு உக்காந்து அழுதவர், ராஜாகிட்ட வாயைத் திறந்தது நிசான் மாசம், கிட்டத்தட்ட நாலு மாசம் கழிச்சு (கி.மு. 445). நடுவுல உபவாசமும் ஜெபமும்தான், அந்த ஜெபத்துலயும் "அவங்க பாவம் பண்ணிட்டாங்க"ன்னு சொல்லல, நானும் என் தகப்பன் வீட்டாரும்னு தன்னையும் சேர்த்துக்கிட்டார். கூட்டத்துல பாட்டு பாடும்போது வந்து வீட்டுல படுத்ததும் போயிடுற பாரம் எல்லாருக்கும்தான் வரும். உங்களோடது நாலு மாசம் தாங்குதான்னு பாருங்க.

அவர் வேலையை விட்டுட்டும் போகல, எப்போ திரும்புவன்னு ராஜா கேட்டதுக்கு காலம் குறிச்சுச் சொல்லி லீவு வாங்கிட்டு, மரத்துக்கு வனக்காவலன் ஆசாப் பேருக்கு ஒரு கடிதமும் வாங்கிட்டுத்தான் சுவரைத் திரும்பக் கட்ட எருசலேமுக்குக் கிளம்பினார். விசுவாசம்னா பிளான் இல்லாம குதிக்கிறதுன்னு நமக்கு யாரு சொல்லிக் கொடுத்தாங்களோ! அங்க போயும் மூணு நாள் சும்மா இருந்துட்டு, ராத்திரில சில பேரோட போய் சுவரைப் பார்த்தார், தேவன் மனசுல வச்சதை யார்கிட்டயும் சொல்லல. நம்மாளுங்க வாட்ஸ்அப் குரூப்லதான் ஆரம்பிப்பாங்க.

கடன்னு எழுதியிருக்கீங்க, அதனால 5ஆம் அதிகாரத்தை மறுபடி வாசிங்க, பிரசங்கத்துல அதிகமா தாண்டிப் போற அதிகாரம் அது. பஞ்சத்துல தானியம் வாங்க நிலத்தை அடகு வச்சு, ராஜாவோட வரிக்கு கடன் வாங்கி, பிள்ளைகளை அடிமையாக்குற நிலைமைக்கு வந்துட்டாங்க, கொடுத்தவன் வெளியாள் இல்ல, சொந்த யூதன். நெகேமியா கோபப்பட்டார், பெரிய கூட்டத்தைக் கூட்டினார், தானும் தன் ஆட்களும் கடன் கொடுத்திருக்கோம்னு எல்லார் முன்னாடியும் சொல்லிட்டு வட்டியை விட்டுடுவோம், நிலத்தைத் திருப்பிக் கொடுங்கன்னார். அங்க அதிபதியா இருந்த 12 வருஷமும் அதுக்குரிய படியையும் வாங்கல. ஜனங்க அவர் பேச்சைக் கேட்டதுக்கு இதுவும் ஒரு காரணம்னுதான் நான் நினைக்கிறேன். அதனால உங்க ஜனத்துல யார் யாருக்கு கடன் கொடுத்திருக்கா, அதுல உங்க வீட்டு ஆள் உண்டான்னு முதல்ல விசாரிங்க.

இன்னொண்ணு, சுவர் 52 நாள்ல முடிஞ்சுது, ஜனங்களைச் சரிபண்ற வேலை அப்படி முடியல. அவர் ராஜாகிட்ட போய்ட்டு திரும்பி வர்றதுக்குள்ள, வேலையைக் கெடுக்கப் பார்த்த அதே தொபியாவுக்கு ஆலயத்துலயே ஒரு அறை கொடுத்து வச்சிருந்தாங்க. சம்பளம் வேணும் பிரதர், இது நீண்ட வேலை.

கேள்வி: நல்லது செய்யப் போனா சொந்தக்காரங்களே எதிர்க்கிறாங்க. அப்போ தேவசித்தம் இல்லையா?

பதில்: எதிர்ப்பு வந்ததாலயே சித்தம் இல்லன்னு ஆயிடாது. ஆனா எதிர்க்கிற எல்லாரும், நெகேமியாவோட சுவர் வேலையைத் தடுக்கப் பார்த்த எதிரி சன்பல்லாத்தும் இல்ல. சுமக்கிறவங்க பெலன் குறைஞ்சுடுச்சு, மண்மேடு இன்னும் நிறைய இருக்குன்னு யூதா ஜனங்களே சொன்னாங்க, அது களைப்பு. உங்க மாமா "செலவுக்கு எங்க போவ"ன்னு கேட்டா அவர்கிட்ட வசனம் சொல்லாதீங்க, கணக்கைக் காட்டுங்க.